பாவசங்கீர்த்தனம்: சொல்லும் பொருளும்

பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவங்களைக் குருவானவரிடம் வாயால் சொல்லி மன்னிப்புப் பெறும் கத்தோலிக்க முறை. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் இந்தச் சொல் அடிக்கடி காதில் விழும். பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இந்துக் குடும்பத்துக்குச் சங்கீர்த்தனம் என்றால் பஜனை. மெதடிஸ்த, அங்கிலிக்கன் போன்ற புரொட்டஸ்டன்ட் வீடுகளில் 'பாவ அறிக்கை' என்பார்கள்.

சங்கீர்த்தனம் வடசொல். 'கீர்த்தனம்' என்றால் எடுத்துச் சொல்லுதல், புகழ்தல்; முன்னால் வரும் 'சம்' முழுமையைக் காட்டுகிறது. இறைவன் பெயரை முழுக்கச் சொன்னால் நாமசங்கீர்த்தனம், பாவத்தை முழுக்கச் சொன்னால் பாவசங்கீர்த்தனம். இதற்கும் முன்னே போர்த்துக்கீசச் சொல்லே தமிழில் நடமாடியது. 1580இல் கொச்சியில் போர்த்துக்கீசக் குருவான அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட பாவசங்கீர்த்தனக் கையேட்டின் தலைப்பே 'கொம்பெசியொனாயரு'தான். மலையாளிகள் இன்றும் கும்பசாரம் என்கிறார்கள்.

அந்த 'முழுக்க' என்பதில்தான் கத்தோலிக்கப் போதனை நிற்கிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் (ஆயர்களின் பொதுப் பேரவை) விதித்தது. நினைவுக்கு வரும் சாவான (மிகப் பெரிய) பாவங்களை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்று 1551இல் திரெந்துச் சங்கம் உறுதிப்படுத்தியது. "எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும்" என்று இயேசு சீடர்களுக்குச் சொன்ன வசனம் (யோவான் 20:23) இதற்கு அடிப்படை. மனஸ்தாபப்பட்டு (செய்ததற்கு மனம் வருந்தி), பாவத்தைச் சொல்லி, குரு விதிக்கும் அபராதத்தை, அதாவது பரிகாரத்தை, தீர்க்க வேண்டும். கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக் கூடாது. நேரடியாக வெளிப்படுத்தினால் அவர் திருச்சபையின் உறவிலிருந்தே விலக்கப்படுவார். ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கிற லய வாழ்க்கையில், வெளியே போகாது என்று நம்பிப் பேச ஓர் இடம் இருப்பது சின்ன விஷயம் இல்லை. பாவசங்கீர்த்தனத்தை வெறும் சடங்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, மறுபக்கம். புரொட்டஸ்டன்ட்காரர்கள் பாவ அறிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது தவறான பேச்சு. 1530இல் லூத்தரன்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கை, தனியாக மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. 1662ஆம் ஆண்டின் அங்கிலிக்கன் செபப் புத்தகத்தில் சபை முழுவதும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கையும் உண்டு, நோயாளி குருவிடம் தனியாகச் சொல்லவும் இடம் உண்டு. தோட்டத் தமிழர்களுக்காக 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் அங்கிலிக்கன் வழியில் வந்தது. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் (1 தீமோத்தேயு 2:5), ஆகவே நேரே அவரிடமே அறிக்கையிடலாம் என்பது புரொட்டஸ்டன்ட்காரர்களின் நம்பிக்கை. மன்னிப்பு கடவுளுடையது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அது குருவின் வாய்வழியாக வர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மன்னிப்பைச் சொல்லும் வார்த்தையும் வேறுபடுகிறது. பழைய கத்தோலிக்கச் செபம் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்கிறது. புரொட்டஸ்டன்ட் சபைகளின் பழைய வேதாகமத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது (மத்தேயு 6:12). மலையகத்தில் கடன் என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. தொழிலாளியின் கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி வைத்தார்கள். அந்தக் கடனைக் கட்டாமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. அந்தக் காலத்தில் இந்த வசனத்தைக் கேட்டவர்களுக்குக் கடன் தீர்வது என்றால் என்னவென்று யாரும் உவமை சொல்லி விளக்கியிருக்கத் தேவையில்லை.

இனி, பாவசங்கீர்த்தனம் என்ற வடசொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1973இல் இந்தச் சடங்குமுறை திருத்தப்பட்டது. 'பச்சாத்தாபம்' என்ற பழைய பெயர் போய், இப்போது ஒப்புரவு அருட்சாதனம் (அருள் தரும் திருச்சடங்கு) என்கிறார்கள். வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே அது ஊரோடு ஒத்து உதவி வாழ்வது. "உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்று மத்தேயு 5:24இல் புரொட்டஸ்டன்ட் வேதாகமமும் அதே சொல்லை முன்பே எடுத்தாண்டிருக்கிறது. ஆனால் ஒப்புரவு என்பதில் 'வாயால் சொல்லுதல்' இல்லை. 'அறிக்கை'யில் அது உண்டு, ஆனால் இன்றைக்கு அறிக்கை என்றதும் தொழிற்சங்க அறிக்கைதான் ஞாபகம் வருகிறது.

எனக்குப் பிடித்தது 'ஒப்புக்கொள்ளல்'. 1 யோவான் 1:9இல் "அறிக்கையிட்டால்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள், ஒத்துச் சொல்லுதல். 'ஒப்பு' என்ற வேரும் அதையே தருகிறது. அதே வேரில் ஒப்புரவும் முளைத்திருக்கிறது. ஆகவே செயலைப் 'பாவம் ஒப்புக்கொள்ளல்' என்றும், அருட்சாதனத்தை 'ஒப்புரவு' என்றும் எழுதலாம். முதல் சொல் இரண்டு சபைக்கும் பொது. புரொட்டஸ்டன்ட் ஐயரும் சொல்லலாம், கத்தோலிக்கச் சுவாமியும் சொல்லலாம். இரண்டாவதைச் சடங்கின் பெயராகக் கத்தோலிக்கர் வைத்துக்கொள்ளட்டும். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள், பாட்டியின் பழைய செபப் புத்தகத்தை எடுத்து வாசிக்க அவர்களுக்கு அது வேண்டும்.