வெள்ளிடை: ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்பதற்கு நம்மிடமே இருக்கும் சொல்

அப்பா பணி ஓய்வு பெற்ற வாரத்தில், வீட்டு மொட்டைமாடியில் வைத்து அவரை ஒரு படம் எடுத்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சட்டத்தின் வலது கீழ் மூலையில் அவருடைய தலையும் தோளும் மட்டும். மீதி முழுக்க மேகமே இல்லாத வானம். அந்த வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். நான் எடுத்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் அது. பெரிதாக அச்சிட்டு ஃப்ரேம் போடக் கொடுத்தேன். வாங்கப் போனால் படத்தில் வானத்தைக் காணோம். கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருந்தார். “இவ்ளோ இடம் காலியா கிடந்துச்சு தம்பி, அதான் வெட்டிட்டு முகத்தைப் பெருசாக்கிட்டேன்” என்றார்.

அந்தக் காலி இடம்தான் படம் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்று சொல்லியிருந்தால் அவர் பிலிம் காலத்து நெகட்டிவை நினைத்திருப்பார். அன்றிலிருந்து இதற்குத் தமிழில் சரியான சொல் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஒரு படத்தில் நாம் பார்க்க வேண்டிய ஆள் அல்லது பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தைப் ‘பாசிட்டிவ் ஸ்பேஸ்’ என்பார்கள். அதைச் சுற்றி மீந்திருப்பது ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’. சுற்றி மட்டுமல்ல, நடுவிலும் அது உண்டு. ஒருவர் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது முழங்கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு முக்கோணம் தெரியுமே, அதுவும் சேர்த்திதான். ஓவியம் கற்றுக்கொடுப்பவர்கள் இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். நாற்காலியை வரையாதே, அதன் கால்களுக்கும் சட்டங்களுக்கும் இடையில் தெரியும் துண்டு துண்டான இடங்களை மட்டும் வரை என்பார்கள். அவற்றைச் சரியாக வரைந்து முடித்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும். நாற்காலி என்று மனதில் முன்பே இருக்கும் பிம்பம் கையைக் கெடுக்காது என்பதால் இப்படி வரைந்தது பெரும்பாலும் நன்றாகவே அமையும்.

இதற்குப் பின்னால் உள்ள பார்வை உளவியலை 1915இல் ஆராய்ந்து எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த எட்கர் ரூபின். ஒரு பூச்சாடி, சட்டென்று பார்த்தால் எதிரெதிரே இரண்டு முகங்கள் என்று மாறி மாறித் தெரியும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர் பெயரால்தான் அதை ரூபின் சாடி என்கிறோம். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது விளிம்பைப் பற்றியது. இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோட்டை நம் கண் இரண்டுக்கும் பொதுவாக வைப்பதில்லை, உருவத்துக்கே கொடுத்துவிடுகிறது. பின்னணிக்கு விளிம்பு கிடையாது, அது உருவத்துக்குப் பின்னாலும் தொடர்ந்து போவது போலத் தோன்றுகிறது. அப்பாவின் தோளுக்குப் பின்னாலும் வானம் போய்க்கொண்டே இருக்கிறது என்று நாம் உணர்வது இதனால்தான்.

சரி, ‘நெகட்டிவ்’ என்ற சொல் ஏன் வந்தது? லத்தீனில் ‘நெகாரே’ என்றால் இல்லை என்று சொல்வது. ‘ஸ்பேஸ்’ அதே மொழியின் ‘ஸ்பாட்டியம்’ என்பதிலிருந்து வந்தது. ஆள் இல்லாத இடம், அவ்வளவுதான் இதன் நேர்ப்பொருள். குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒளிப்படத் துறைக்குள் அதே சொல் வேறு வேலைக்கு முன்பே வந்துவிட்டது. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1840இல், வெளிச்சமும் இருளும் தலைகீழாகப் பதிந்த படத்துக்கு நெகட்டிவ் என்றும், அதிலிருந்து எடுக்கும் நேர்ப்படிக்குப் பாசிட்டிவ் என்றும் பெயர் வைத்தார். அங்கே பொருள் ‘தலைகீழ்’. நெகட்டிவ் ஸ்பேஸில் எதுவும் தலைகீழாவதில்லை. ஒரே துறையில் ஒரே சொல் ‘தலைகீழ்’ என்றும் ‘இல்லாதது’ என்றும் இரண்டு பொருளில் ஓடுகிறது. அன்றாடப் பேச்சிலோ ‘நெகட்டிவா பேசாதே’ என்ற மூன்றாவது பொருளும் சேர்ந்துகொண்டது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் ‘எதிர்மறை வெளி’ வரும். இணையத்தில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. தமிழில் எதிர்மறை என்பது இலக்கணச் சொல். ‘ஓடாக் குதிரை’ என்பதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த வழியில் பார்த்தால் எதிர்மறை வெளி என்பதற்கு ‘வெளியாக இல்லாத வெளி’ என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் பார்த்தாலோ கெட்ட எண்ணங்கள் உலவும் இடம் போல ஆகிவிடும். படத்தின் உயிரான பகுதிக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

‘வெற்றிடம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அதை இயற்பியல் எடுத்துக்கொண்டது: காற்றுகூட இல்லாத இடம். அரசியலும் எடுத்துக்கொண்டது: தலைவர் மறைந்த பிறகு நிரப்பப்பட வேண்டிய இடம். இரண்டிலுமே ஒரு குறை, நிரப்பு என்று அழைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘காலி இடம்’ அரபியிலிருந்து உருது வழியே வந்து நம் தெருச் சொல்லாகிவிட்டது. அதுவும் இதே கதை. சாப்பாடு காலி, ஆள் காலி என்பதில் இருக்கும் இழப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலியாகக் கிடந்தால் வெட்டத்தான் தோன்றும். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் பயன்படுத்திய சொல்லே அவரை அப்படிச் செய்ய வைத்தது.

நான் கொண்டுவந்து வைக்கும் சொல் ‘வெள்ளிடை’.

புதிதாகக் கட்டியது அல்ல, அகராதிகளில் இருக்கும் பழைய சொல். திறந்தவெளி, மறைப்பு இல்லாத இடம் என்று பொருள். தனியாக இன்று யாரும் சொல்வதில்லை, ஆனால் ஒரு தொடருக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது: வெள்ளிடை மலை. ‘இது வெள்ளிடை மலை’ என்று மேடையில் பேசுபவர்கள் இன்றும் சொல்வதுண்டு. யாருக்கும் விளக்க வேண்டாத அளவுக்குத் தெளிவானது என்று பொருள். வெட்டவெளியில் ஒற்றையாக நிற்கும் மலையை எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அதே மலை மலைத்தொடருக்குள் இருந்தால் எது அந்த மலை என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டியிருக்கும். மலை தெரிவதற்குக் காரணம் மலையின் உயரம் மட்டுமல்ல, அதைச் சுற்றி ஒன்றும் இல்லாதது. இதைவிட நேராக நெகட்டிவ் ஸ்பேஸை யாரால் விளக்க முடியும்? கேமரா வருவதற்கு முன்பே இந்தத் தொடரை உண்டாக்கியவர்கள் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதன்முதலில் இது மனதில் பட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

சொல்லைப் பிரித்தால் வெள் + இடை. ‘வெள்’ என்றதும் வெள்ளை நினைவுக்கு வரும். அப்படியானால் கறுப்புப் பின்னணிக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். வெளி, வெளிப்படை, வெளிச்சம் எல்லாம் அந்தக் குடும்பத்துச் சொற்கள்தான். நிறத்தோடு கூடவே, மறைப்பில்லாமை என்ற பொருளும் அவற்றில் ஓடுகிறது. இரவிலும் வெட்டவெளி வெட்டவெளிதானே.

‘இடை’ இன்னும் செழிப்பான சொல். இடைவெளியில் அது இடத்தைக் குறிக்கிறது, இடைவேளையில் நேரத்தை. உடம்பில், மேலுக்கும் கீழுக்கும் நடுவே ஒடுங்கும் பகுதியை. ஏழாம் வேற்றுமை உருபுகளின் பட்டியலில் நன்னூல் இதையும் சேர்த்திருக்கிறது. ஜப்பானியர்கள் இதே கருத்துக்குப் பயன்படுத்தும் ‘மா’ என்ற சொல்லும் இப்படித்தான், இடத்தின் இடைவெளிக்கும் நேரத்தின் இடைவெளிக்கும் ஒரே சொல். அதை எழுதும் எழுத்தில் ஒரு வாசற்கதவும், கதவுகளின் நடுவே சூரியனும் இருக்கும். பழைய வடிவில் சூரியனின் இடத்தில் நிலா. சீன ஓவியர்களின் சொல் ‘லியூ பாய்’. வெண்மையை விட்டுவைத்தல் என்று பொருள். இதில் ‘விட்டுவைத்தல்’ என்பது முக்கியம். அது மீந்துபோன இடமல்ல, வேண்டுமென்றே தூரிகை படாமல் காத்த இடம். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் ஹசேகவா தோஹாகு வரைந்த பைன் மரத் திரைகளில் மரங்களைவிட அவற்றின் நடுவே உள்ள வெறுந்தாள் அதிகம். பார்ப்பவருக்கு அது தாளாகத் தெரியாது, மூடுபனியாகத் தெரியும்.

ஆளைப் படமெடுப்பதில் வெள்ளிடைக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு, அமெரிக்க ஒளிப்படக்காரர் அர்னால்டு நியூமன் 1946இல் நியூயார்க்கில் எடுத்த இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படம். ஒரு பெரிய கிராண்ட் பியானோ. அதன் மூடி கறுப்பாக மேலே திறந்து நிற்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கி இடது கீழ் மூலையில், தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். சட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு மூலை மட்டும். மற்றதெல்லாம் அந்தக் கறுப்பு மூடியும் வெளிறிய சுவரும். மூடியின் வடிவம் மேற்கத்திய இசையில் சுரத்தைத் தாழ்த்திக் காட்டும் ஃபிளாட் குறியைப் போல இருக்கிறது. நெகட்டிவில் இருந்ததை நியூமன் நன்றாக வெட்டித்தான் இந்த அமைப்புக்கு வந்தார். ஆனால் அவர் வெட்டியது சுவரை எந்த வடிவத்தில் விடுவது என்று தீர்மானிப்பதற்காக, முகத்தைப் பெரிதாக்குவதற்காக அல்ல. எடுக்கச் சொன்ன ஹார்ப்பர்ஸ் பஜார் இதழ் படத்தை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. இன்று நியூமன் என்றாலே முதலில் காட்டப்படும் படம் இது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது பாஸ்போர்ட் போட்டோ. அங்கே முகம் சட்டத்தை நிரப்பியாக வேண்டும், ஏனென்றால் அதன் வேலை அடையாளம் காட்டுவது. நம் ஸ்டூடியோக்களின் கண் பல காலமாக அந்த அளவிலேயே பழகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்புறம், கோணம். இந்தத் துறையில் வெள்ளிடையோடு எப்போதும் சேர்ந்தே பேசப்படுவது இது. ‘ஆங்கிள்’ லத்தீனின் ‘ஆங்குலுஸ்’, அதாவது மூலை. கோணம் வடமொழியிலும் உண்டு, தமிழில் கோண், கோணுதல், கோணல் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. எல்லாவற்றிலும் நேரிலிருந்து விலகுதல் என்ற பொருள். ‘முகம் கோணாமல்’ என்கிறோமே, அதே சொல். ஆகவே ‘வழக்கமில்லாத கோணம்’ என்று சுற்றி வளைக்காமல் ‘கோணல் பார்வை’ என்று சொல்லிவிடலாம் என்று ஒரு சமயம் நினைத்தேன். ஆனால் கோணல் புத்தி, கோணல் எழுத்து என்று அந்தச் சொல்லில் ஏற்கெனவே கறை படிந்திருக்கிறது. கைவிட்டேன்.

‘லோ ஆங்கிள்’, ‘ஹை ஆங்கிள்’ என்பவற்றைத் தாழ்கோணம், உயர்கோணம் என்று எழுதுவதிலும் சிக்கல் உண்டு. தாழ்ந்திருப்பது கேமராவா, ஆளா? கற்றுக்கொள்ள வருபவர்கள் முதல் வாரத்தில் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். நம்மிடம் மேலே பார்ப்பதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: அண்ணாத்தல். அண்ணாந்த கோணம், குனிந்த கோணம் என்று சொல்லிப் பாருங்கள், யார் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியே எழாது. சட்டத்தையே சாய்ப்பதை, சினிமாக்காரர்கள் டச்சு ஆங்கிள் என்பதை, சாய்ந்த கோணம் என்றால் போதும்.

அண்ணாந்த கோணத்தை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர் சோவியத் ஒளிப்படக்காரர் அலெக்சாந்தர் ரோட்செங்கோ. அன்றைய கேமராக்களை இடுப்பளவில் பிடித்து, மேலே இருக்கும் கண்ணாடியில் குனிந்து பார்த்துப் படமெடுப்பார்கள். உலகம் முழுவதையும் தொப்புள் மட்டத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று 1928இல் அவர் சாடினார். 1930இல் அவர் எடுத்த, ஊதுகுழல் ஊதும் இளம் பயோனியரின் (சோவியத் சிறுவர் இயக்கத்தைச் சேர்ந்தவன்) படத்தில் கேமரா கிட்டத்தட்டச் சிறுவனின் தாடைக்குக் கீழே இருக்கிறது. தாடையும் கன்னமும் பாறை போலத் திரண்டு நிற்கின்றன. இது உருவவாதம், அதாவது உள்ளடக்கத்தை விட்டு வடிவத்தையே பெரிதாக்குவது என்று அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

ரஷ்ய மொழியில் இப்படிப்பட்ட கோணத்துக்கு ‘ரகூர்ஸ்’ என்று பெயர். பிரெஞ்சில் ‘சுருக்கப்பட்டது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. கண்ணுக்கு அருகே இருப்பது பெருத்தும் தள்ளி இருப்பது சிறுத்தும் தெரிய, நடுவில் உள்ள நீளம் மடங்கிப்போவதைத்தான் அது குறிக்கிறது. அண்ணாந்து எடுத்தால் தாடை பெருத்து நெற்றி சுருங்கும். குனிந்து எடுத்தால் நெற்றி பெருத்துக் கால்கள் காணாமல் போகும். எவ்வளவு நெருங்கி நிற்கிறோமோ அவ்வளவுக்கு இது கூடும். லென்ஸை மாற்றுவதால் அல்ல, தூரம் மாறுவதால் நடப்பது. இதற்குத் ‘தோற்றக் குறுக்கம்’ என்று பெயர் வைக்கலாம். ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று எழுத்து தான் நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தன் மாத்திரையில் குறைவதை நம் இலக்கணம் குறித்துவைத்திருக்கிறது. இங்கே நிற்கும் இடத்தைப் பொறுத்து உடம்பு குறைகிறது.

ரோட்செங்கோவின் அந்தப் படத்தில் தாடையோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். பின்னால் வெறும் வானம். கண் மட்டத்தில் எடுத்திருந்தால் ஆட்களோ கட்டடங்களோ பின்னால் வந்திருக்கும். அண்ணாந்ததால் அவை எல்லாம் சட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டன. கோணமும் வெள்ளிடையும் சேர்ந்தே பேசப்படுவதற்கு இதுதான் காரணம். நம் வீடுகளில் வெறுஞ்சுவர் என்று ஒன்று கிடைப்பது கடினம். காலண்டர், சுவிட்ச் போர்டு, சாமி படம், துணி மாட்டும் ஆணி என்று ஏதாவது இருக்கும். தெருவில் பேனரும் மின்கம்பியும். முட்டி போட்டு உட்கார்ந்தால் வானம் வெள்ளிடையாகும். மாடிப்படியில் ஏறி நின்று கீழே இருப்பவரை எடுத்தால் சிமெண்ட் தரை வெள்ளிடையாகும். ஆளை நகர்த்தவே வேண்டாம்.

இனிப் புழக்கம். ஆளின் இடத்தை ‘உரு’ என்றும் மீதியை ‘வெள்ளிடை’ என்றும் சொல்கிறேன். “உரு கொஞ்சம் நடுவில் வந்துவிட்டது, பார்க்கும் பக்கம் வெள்ளிடை போதவில்லை” என்றால் உடனிருப்பவர்களுக்கு இப்போது புரிகிறது. “வெள்ளிடை விட்டு எடு”, “வெள்ளிடையை உடைக்காதே” என்றெல்லாம் வாயில் இயல்பாக வருகிறது. அப்பாவின் படத்தை மறுபடி அச்சிட்டபோது பின்புறத்தில் பென்சிலால் ‘வெள்ளிடையோடு’ என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் அது என்ன என்று கேட்டார். வெள்ளிடை மலை என்பார்களே, அந்த வெள்ளிடை என்றேன். “ஓ, வெட்டவெளியா” என்று சொல்லி, வானம் முழுவதும் தெரியும்படி ஃப்ரேமின் அளவைக் குறித்துக்கொண்டார்.