கறுப்பு வெள்ளைதானே என்று சொல்லாதீர்கள்

நிறம் மாறிப்போன கறுப்பு வெள்ளைப் படம் எங்களிடம் வருவது இந்த மாதம் இது மூன்றாவது. போன சனிக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இருக்கும் எங்கள் படம் அச்சிடும் கடைக்கு ஓர் அக்கா ஃபிரேமோடு வந்தார். உள்ளே அவருடைய அப்பா. இரண்டு வருடத்துக்கு முன் வேறெங்கோ அச்சிட்ட படம். இப்போது நெற்றி, கன்னமெல்லாம் பச்சை. "அப்பா சீக்காளி மாதிரி தெரியிறாருண்ணே" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அச்சிட வருகிறவர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: "கறுப்பு வெள்ளைதானே, எந்த மையில போட்டா என்ன?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கறுப்பு வெள்ளைதான் கஷ்டம். அதில் சுத்தக் கறுப்பு கொஞ்சம்தான்: தலைமுடி, மீசை, கோட்டு. மற்றதெல்லாம் சாம்பல். முகமே சாம்பல்தான். சாதாரண வீட்டுப் பிரிண்டரில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு மை. வெளிர் சாம்பலுக்கு அந்தக் கறுப்பை மட்டும் புள்ளி புள்ளியாக வைத்தால், முகத்தில் மணலைத் தூவியது போல இருக்கும். அதனால் பிரிண்டர் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பலாக்குகிறது. ஆக, நீங்கள் வாங்கிப் போவது ஒரு கலர் படம். அந்த மூன்று மையும் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. மெஜந்தா முதலில் போனால் முகம் பச்சை. மஞ்சள் முதலில் போனால் நீலம். கல்யாணப் படத்தில் சேலை நிறம் கொஞ்சம் மாறினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். சாம்பலில் துளி பச்சை ஏறினாலும் கண் பிடித்துவிடும்.

கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள். மை பிக்மெண்டா (நுண்ணிய நிறத் துகள், மெதுவாக வெளிறும்), டையா (கரைந்த சாயம்)? சாம்பல் மை தனியாக உண்டா? பிரிண்டர் நிறுவனமான எப்சன் 2005இல் கொண்டுவந்த கே3 மை வரிசையில் கறுப்பு, வெளிர் கறுப்பு, அதைவிட வெளிரான கறுப்பு என்று மூன்று உண்டு. கேனனின் பெரிய போட்டோ பிரிண்டர்களிலும் சாம்பல் மைகள் தனியாக வருகின்றன. கறுப்பு மையிலும் இரண்டு வகை: பளபளப்புத் தாளுக்குப் போட்டோ பிளாக், பருத்தித் தாளுக்கு மேட் பிளாக். இதை மாற்றிப் போட்டால் கறுப்பு ஆழமே வராது. (தொழிலில் இருக்கும் தம்பிகளே, இதில் சோம்பல் வேண்டாம்.)

வீட்டிலேயே அச்சிடுபவர்கள், சில வெள்ளியை மிச்சப்படுத்த ஊர்பேர் தெரியாத ரீஃபில் மையை ஊற்றாதீர்கள். டை பிரிண்டரில் பிக்மெண்ட் மையை ஊற்றவே கூடாது. மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். படம் கைக்கு வந்ததும் பகலில் ஜன்னலோரம் ஒரு தடவை, இரவில் வீட்டு விளக்கில் ஒரு தடவை பாருங்கள். ஒன்றில் சாம்பலாகவும் மற்றொன்றில் நிறம் தட்டியும் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் மாட்டும் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மாலை வெயில் நேராக அடிக்கும் சுவர் வேண்டாம். சாமி விளக்குப் புகைக்கு மேலேயும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடி படத்தோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் மவுண்ட் (இடைவெளி தரும் அட்டை) வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்தாகிவிட்டது என்று பழைய படத்தைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

அந்த அக்கா தூக்கிப் போடவில்லை, நல்ல வேளை. அலமாரியில் சேலை மடிப்புக்குள் வைத்திருந்ததை எடுத்து வந்தார். மறுபடி ஸ்கேன் செய்து நேற்று மாலை அச்சிட்டேன். 24 மணி நேரமாவது காயவேண்டும். நாளைக் காலை ஃபிரேம் போட்டுக் கொடுப்பேன்.