ஐகிரவுண்டு கல்லூரி இனி நம் ஊர் நோய்களைப் படிக்கட்டும்

1965-க்கு முன்னால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இரண்டே திசைதான். வடக்கே மதுரை, இல்லையென்றால் மலையைத் தாண்டித் திருவனந்தபுரம். திருவனந்தபுரத்தில் 1951-லும் மதுரையில் 1954-லும் கல்லூரிகள் வந்துவிட்டன. இங்கே நாசரேத், நெய்யூர் போன்ற இடங்களில் மிஷன் ஆஸ்பத்திரிகள் நெடுங்காலமாகப் பெரும்பணி செய்துவந்தன. ஆனாலும் டாக்டர்களை இங்கேயே உருவாக்கும் இடம் என்று ஒன்று இல்லை. 1964-ல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டே அதே பாளையங்கோட்டையின் ஐகிரவுண்டு பகுதியில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது.

அன்றைக்குத் தூத்துக்குடியும் தென்காசியும் இதே மாவட்டம். குமரி, ராமநாதபுரம் பக்கமிருந்தும் நோயாளிகள் வருவார்கள். பிறகு தூத்துக்குடி, ஆசாரிப்பள்ளம், 2022-ல் விருதுநகர் என்று சுற்றிலும் அரசுக் கல்லூரிகள் வந்தன. 2019-ல் ஐகிரவுண்டிலேயே பல்நோக்கு உயர் சிகிச்சைக் கட்டடமும் திறக்கப்பட்டது. இதய நோய்க்கும் மூளை அறுவை சிகிச்சைக்கும் மதுரைக்கு ஓடவேண்டிய நிலை வெகுவாகக் குறைந்துவிட்டது. கட்டடத்தில் நாம் நிறையச் சாதித்திருக்கிறோம். அடுத்த கட்டமாக இந்தக் கல்லூரி, வேறு எந்த ஊர்க் கல்லூரியும் நமக்காகப் படிக்காத நோய்களைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரம், கடையம், களக்காடு என்று மலையடிவாரம் முழுக்க வயலும் வாழைத்தோட்டமும்தான். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்யப்படுவது. அதற்கான விஷம் பெரும்பாலும் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் தன்மை மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் ஒன்று இருக்கிறது. அது கடித்தால் சிலருக்கு ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகமும் கெடும். அதற்கு இந்த மருந்து கேட்காது. பொதிகை அடிவாரத்தில் கடிபட்டவர்களின் ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதிவைக்க இந்தக் கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் எது?

ஆராய்ச்சி வரும்போது வரட்டும். அதுவரை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கட்டை இறுக்கிப் போட்டுக் கொண்டுவரும் கால்களில் விஷத்தைவிடக் கட்டு செய்த சேதம் பெரிதாக இருப்பதுண்டு. கடிபட்டவரை நடக்கவிடாமல், கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடி அடிக்கிற வேலையும் வேண்டாம். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தால் அது உறைகிறதா என்று தெரிந்துவிடும். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே இதைச் செய்துபார்க்கலாம், விஷமுறிவு மருந்தின் முதல் ஊசியையும் அங்கேயே தொடங்கலாம். ஐகிரவுண்டுக்குத்தான் போக வேண்டும் என்று வழியில் இருக்கும் ஆஸ்பத்திரியைத் தாண்டி வராதீர்கள்.

இன்னொன்று, கட்டுவிரியன். தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். பல நேரம் வலியும் இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் இமை தூக்க முடியாமை என்று வந்தால் 'வாயுப்பிடிப்பு' என்று சுக்குக் கஷாயம் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மூச்சு நின்றுவிடக்கூடிய நிலை அது.

அப்புறம் காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் காய்ச்சல் எல்லாமே டெங்கு இல்லை. புதரில் இருக்கும் சின்னஞ்சிறு உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் நம் பக்கம் உண்டு. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் புண் பலருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை நேரத்தோடு கிடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதித்தால் நுரையீரல், மூளை வரை போகும். அந்தப் புண்ணைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே படித்து வெளிவரும் ஒவ்வொரு டாக்டருக்கும் இருக்க வேண்டும்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருமலுக்கு வருவார்கள், கழுத்து வலிக்கு வருவார்கள். 'என்ன வேலை பாக்கிய?' என்று கேட்டால் 'சும்மா வீட்டுலதான் இருக்கேன்' என்பார்கள். பல ஆண்டுகளாகப் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறவர்கள் அவர்கள். கேட்கிற டாக்டர் இன்னும் ஒரு கேள்வி கேட்டால்தான் அது வெளியே வரும். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டால் அந்த நோய் யார் கணக்கிலும் வராது.

இதற்கெல்லாம் ஒரு நல்ல வழி ஏற்கெனவே பாடத்திட்டத்தில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைப் படிப்புக் காலம் முழுக்கத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். முதுகலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் பணிபுரிய வேண்டும். 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் கூடுதலாக உள்ளே வருகிறார்கள். பீடிக் கடைக்கு அம்மாவோடு போன பிள்ளைக்கு அந்தக் கேள்வியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை வருகைப்பதிவுக்கான சடங்காக விட்டுவிடாமல், மாணவர்கள் எழுதிவரும் குறிப்புகளைக் கல்லூரி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் சித்த மருத்துவக் கல்லூரியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். நம் மக்கள் இரண்டு இடத்திலும் மருந்து வாங்குகிறார்கள், ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரிவதில்லை.

உங்கள் தெருவுக்கு வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் நோட்டோடு வந்தால் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். வீட்டில் யார் பீடி சுற்றுகிறார்கள், யார் தரையில் படுக்கிறார்கள், கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தது, என்ன நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்கள், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.