உபாசனை: சொல்லும் பொருளும்

போன வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்த் தேக்காவில், பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் கதம்பத்துக்காக நின்றிருந்தேன். செவ்வரளியும் எலுமிச்சம்பழமும் வாங்க வந்த ஒரு தம்பி, "அக்கா, உபாசனைன்னா சாமிய நம்ம வசத்துக்குக் கொண்டு வர்றதுதானே?" என்று கேட்டார். அந்தப் பூக்கார அக்கா விரலில் நாரைச் சுற்றியபடியே, "அது வசியம் தம்பி. சாமி வசத்துக்கு நீ போறதுதான் உபாசன" என்றார்.

அவர் சொன்னதற்குச் சான்று அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உபாசனை வடசொல். உப என்றால் அருகில். ஆஸ் என்ற வினையடிக்கு அமர்தல் என்று பொருள். ஆக, அருகில் அமர்வதே உபாசனை. உபவாசம், உபநிடதம் இரண்டிலும் இருப்பது இதே உப. பௌத்தத்தில் இல்லறத்தில் இருந்தபடியே புத்தரைச் சரணடைந்தவருக்கு உபாசகர் என்று பெயர்.

தமிழ் வழக்கில் இதன் பொருள் குறுகி ஆழமாயிற்று. ஒரே தெய்வத்தைப் பற்றிக்கொண்டு, குருவிடம் உபதேசம் வாங்கி, நாள்தோறும் அதே இடத்தில், அதே நேரத்தில் மந்திரத்தை உருவேற்றுவதைத்தான் உபாசனை என்கிறோம். 108 உரு (அத்தனை முறை மந்திரம் சொல்வது), 1008 உரு, ஒரு மண்டலமான 48 நாள் என்ற கணக்கெல்லாம் அதற்குள் வருபவை. ஏவல், வசியம், கட்டு ஆகியவை மாந்திரீகச் சொற்கள். இவற்றையும் உபாசனையையும் ஒன்றாகப் பேசுவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

என் அத்தை, தாயையும் சேயையும் காக்கும் அம்மனான பெரியாச்சியைக் கும்பிட்டவர். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது. அங்கே பெரியாச்சிக்கும் சந்நிதி உண்டு. பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் தாய்மார் அங்கே தூக்கிக்கொண்டு போவார்கள். அத்தையும் அப்படிப் போனவர்தான். அன்றிலிருந்து தோ பாயோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அடுக்களையில் ஒரு பலகை, ஒரு காமாட்சி விளக்கு, ஒரு செம்புத் தண்ணீர். விடியுமுன் பழைய தண்ணீரைத் துளசித் தொட்டியில் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைப்பார். காய்ச்சலில் கிடந்த நாளிலும் அது தவறியதில்லை. உபாசனை என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. "ஆத்தாகிட்ட செத்த நேரம் உக்காந்துட்டு வாறேன்" என்பார். வடமொழி வேர்ப்பொருள் அப்படியே அவர் பேச்சில் இருந்தது!

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வழிபாடு என்பார்கள். நல்ல சொல்தான், வழிப்படுதல், அதாவது தெய்வத்தின் வழியில் நடத்தல். ஆனால் கோயிலில் ஒரு நிமிடம் கைகூப்புவதும் வழிபாடுதானே. நெருக்கத்தைச் சொல்ல அணுக்கம் என்ற பழஞ்சொல் இருக்கிறது. சுந்தரரைச் சிவனின் அணுக்கத் தொண்டர் என்பது மரபு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஒரு வாயிலுக்குத் திருவணுக்கன் திருவாயில் என்றே பெயர். ஆகவே உபாசனைக்கு அணுக்க வழிபாடு, உபாசகருக்கு அணுக்கத் தொண்டர் என்பது என் பரிந்துரை.

உபாசனா மூர்த்திக்கு, அதாவது ஒருவர் உபாசிக்கும் தெய்வத்துக்கு, புதுச்சொல் தேட வேண்டியதில்லை. "வழிபடு தெய்வம் நிற்புறங் காப்ப" என்று தொல்காப்பியம் புறநிலை வாழ்த்துக்கு இலக்கணம் சொல்கிறது: நீ வழிபடும் தெய்வம் உன்னைச் சூழ நின்று காக்கட்டும் என்பது அதன் பொருள். வழிபடு தெய்வம் என்றே எழுதலாம்.