ஹேங்ஓவர்: தமிழில் குடிச்சோர்வு

அளவு மீறிக் குடித்த மறுநாள், ரத்தத்திலுள்ள ஆல்கஹால் வடிந்து பூச்சியத்தை நெருங்கும் நேரத்தில் தொடங்கும் தொந்தரவுகளுக்கு மொத்தப் பெயர் ஹேங்ஓவர். தலைவலி, நாவறட்சி, குமட்டல், அசதி, வெளிச்சத்தைக் கண்டாலே எரிச்சல், காரணமில்லாத படபடப்பு எல்லாம் இதில் அடக்கம். போதை ஏறும்போது இது வராது, இறங்கும்போதுதான் வரும்.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'பழையதிலிருந்து எஞ்சி நிற்பது' என்றுதான் பொருள். 1904 வாக்கில் அமெரிக்கப் பேச்சில் குடியோடு ஒட்டிக்கொண்டது. லண்டன் ஏழைகள் கயிற்றில் தொங்கியபடி தூங்கியதால் வந்த பெயர் என்று உலவும் கதை சுவையானது, ஆனால் வேர் அதுவல்ல.

நம் பேச்சில் 'மப்பு' உண்டு. மேகமூட்டத்தைக் குறித்த சொல் போதைக்கு ஆகிவந்தது. ஆனால் அது போதையையே குறிக்கும். மறுநாளைச் சொல்ல 'மப்பு இன்னும் இறங்கல' என்று நீட்ட வேண்டும். ஈழத்தில் 'வெறி முறியேல்லை' என்பார்கள். ஆயுர்வேதத்தில் 'பரமதம்' என்றே தனி நோய்ப்பெயர் இருக்கிறது: உடல் கனம், வாய்ச் சுவையின்மை, தாகம், தலையிலும் மூட்டுகளிலும் வலி என்று சுசுருதர் அடுக்கும் குறிகள் அப்படியே பொருந்துகின்றன. தமிழில் எழுதினால் பிற சமயம் என்று படித்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் (930) 'உண்டதன் சோர்வு' என்கிறது. அங்கே பேசப்படுவது போதையில் நிலைதடுமாறுவதுதான், மறுநாள் காலையல்ல. ஆனாலும் 'குடிச்சோர்வு' என்று அமைத்துக்கொள்ள அது நல்ல அடி. 'மது அருந்தியதன் பின்விளைவு' என்பது அரசாணைத் தமிழ். ஈரல் நோயும் அதில் அடங்கிவிடும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் 180 மி.லி.; 42.8 சதவீதம் என்றால் அதில் தூய ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 9 மணிக்குத் தொடங்கிய குவார்ட்டர் விடிகாலை 4, 5 மணிக்குத் தீரும். இரண்டு என்றால் மறுநாள் நண்பகல் ஆகும். அதிகாலையில் வண்டி எடுப்பவர் தெளிந்துவிட்டதாக நினைத்தாலும், சட்டம் அனுமதிக்கும் 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கிராமைத் தாண்டியிருக்கலாம்.

இதற்கிடையே ஆல்கஹால் அசெட்டால்டிஹைடாக மாறி உடலை வாட்டுகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் அடங்கிப்போவதால் நீர் வெளியேறுகிறது. இரைப்பைச் சுவர் எரிகிறது. அடித்துப்போட்டது போலத் தூங்கினாலும் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகிறது. நிறம் அடர்ந்த ரம், பிராந்தி, சிவப்பு ஒயின் போன்றவற்றில், நொதிக்கும்போது ஆல்கஹாலோடு சேர்ந்து உண்டாகும் துணைப்பொருள்கள் கூடுதலாக இருந்தால் தலைவலியும் கூடும்.

உறுதியான தடுப்பு குறைவாகக் குடிப்பது அல்லது குடிக்காமலிருப்பதுதான். மற்றவை தணிப்பு மட்டுமே. தீபாவளிக்கு முந்தைய இரவு வெறும் வயிற்றில், காரக்கடலையைக் கொறித்துக்கொண்டு அவசரமாக முடிப்பதுதான் மோசமான முறை: உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் அடுத்த ரவுண்டைக் கூப்பிடும். முன்னதாகச் சோறோ முட்டையோ சாப்பிட்டால் ஆல்கஹால் மெதுவாக ஏறும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் இடையே ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம்.

காலையில் வெந்நீரில் எண்ணெய்க் குளியலை ஒத்திப்போடுங்கள். நீர் வற்றிய உடம்புக்குக் கிறுகிறுப்பு வரும். லேகியம் வயிற்று மந்தத்துக்குத்தான், போதையை முறிக்காது. 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு (இரண்டும் தலைதட்டி) கரைத்து மடக்கு மடக்காகக் குடிக்கலாம். ஒரேயடியாகக் குடித்தால் வாந்தியில் போய்விடும். பிறகு கஞ்சி, மோர், இட்லி. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை அளவு ஆபத்தாகக் குறையலாம்.

காபி தூக்கத்தைக் கலைக்கும், ஆல்கஹாலைக் கரைக்காது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கும். பாராசிட்டமாலும் தினசரி குடிப்பவருடைய ஈரலுக்கு நல்லதல்ல. காலையில் 'கொஞ்சம்' ஊற்றிக்கொள்வது சோர்வை மாலைக்குத் தள்ளிவைப்பதுதான். அந்தக் கொஞ்சம் இல்லாமல் கை நடுங்கினால், வியர்த்தால், அது குடிச்சோர்வே அல்ல. குடி நிறுத்தியதால் வரும் உடல் எதிர்வினை. வலிப்பு வரை போகும், மருத்துவமனை தேவை.

கள்ளச்சாராயம் குடித்தவருக்கு இந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற, சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் என்னும் நச்சு ஆல்கஹால், பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி, மூச்சிரைப்பு தெரிந்தால் மோர் கலக்கிக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.