நுரையீரலுக்கு வலிக்கத் தெரியாது

பல் சொத்தையானால் வலிக்கும், குடல்வால் வீங்கினால் வலிக்கும். நுரையீரல் பாதி பழுதான பிறகும் சத்தம் போடாது. அதை மூடியிருக்கும் உறையில் வலி நரம்புகள் உண்டு. நிமோனியா அந்த உறையைத் தொடும்போதுதான் இருமினால் விலாவில் குத்துகிறது. உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசுவுக்கு அந்த உணர்வு இல்லை. "மாடி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர், வயசாயிடுச்சில்ல?" என்று வருபவர்களில் பலருக்குச் சிக்கல் தொடங்கிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும்.

இவ்வளவு தாமதமாகத் தெரிவதற்குக் காரணம் கையிருப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 500 மில்லி காற்றை இழுக்கிறார். நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை. ஆனால் அந்த நெஞ்சுக்குள் மொத்தம் நாலு முதல் ஆறு லிட்டர் பிடிக்கும். கடுமையாக ஓடினால் நிமிடத்துக்கு 100 லிட்டர் வரை காற்று போய்வரக்கூடிய உறுப்பு இது. அந்த மிச்சம் கரையும்வரை அன்றாட வேலையில் குறை தெரியாது. அதற்குள் அவர் தன்னை அறியாமலே தன் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டிருப்பார். மாடிப்படியை விட்டு லிஃப்டுக்கு மாறியிருப்பார், நடந்துகொண்டே பேசியவர் நின்று பேசுவார், குளித்ததும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் உடை மாற்றுவார். "எனக்கு மூச்சுத் திணறலெல்லாம் கிடையாது" என்பவரிடம், "போன வருஷம் செஞ்ச எந்த வேலையை இப்போ விட்டுட்டீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

காற்று போகும் வழியைப் பார்ப்போம். மூக்குக்குள் சுருண்டிருக்கும் எலும்பு மடிப்புகளின் மேல் ரத்த ஓட்டம் மிகுந்த ஈரச்சவ்வு போர்த்தியிருக்கிறது. அதில் உரசிப் போகும் காற்று, நுரையீரலின் உட்பகுதியை எட்டுவதற்குள் உடல் சூட்டுக்கு வந்து ஈரமும் ஏற்றுக்கொள்கிறது. வாய் வழியாக மூச்சுவிட்டால் இந்த வேலை சரியாக நடப்பதில்லை. குளிர்ந்த வறண்ட காற்றில் ஓடும் ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தொண்டைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் மூச்சுக்குழல். அதில் லாடம் போல 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள். வளையங்கள் பின்பக்கம் மூடியிருக்காது. அங்கேதான் உணவுக்குழல் ஒட்டிப் போகிறது, கவளம் இறங்க இடம் வேண்டுமே. குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலக் கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இறங்குகிறது. பெரியவர் ஒருவர் கழன்ற பல்லையோ மாத்திரையையோ தவறுதலாக உள்ளே இழுத்துவிட்டால் பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் கிடைக்கும்.

இப்படி ஏறக்குறைய 23 முறை கிளைவிட்டு நுண்காற்றறைகளில் போய் முடிகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு; எண்ணிக்கை சில நூறு மில்லியன். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் 70 சதுர மீட்டர் வரும், அதாவது 750 சதுர அடி. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையில் உள்ள சுவர், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இழுக்கும் 500 மில்லியில் சுமார் 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடும். ரத்தத்தைத் தொடாமல் திரும்பிப் போகும். நிமிடத்துக்கு 12 முறை, 500 மில்லி வீதம் இழுத்தால் 6 லிட்டர். அதில் பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 200 மில்லி வீதம் 30 முறை மேலோட்டமாக இழுத்தால் பயன்படுவது வெறும் ஒன்றரை லிட்டர். மூச்சு முட்டும்போது படபடவென்று சின்னச் சின்னதாக இழுக்காதீர்கள், நிதானமாக ஆழமாக விடுங்கள் என்று சொல்வதன் அடிப்படை இதுதான்.

பெரிய குழாய்களின் உள்சுவர் முழுக்க நுண்மயிர்கள். அவை நொடிக்குப் பத்து முதல் இருபது முறை ஒரே திசையில் அடித்து, மேலே படிந்திருக்கும் சளிப் படலத்தைத் தொண்டை நோக்கி நகர்த்துகின்றன. தூசியும் கிருமியும் ஒட்டிய அந்தச் சளியை நாள் முழுக்க நமக்கே தெரியாமல் விழுங்குகிறோம். வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். புகையிலைப் புகை முதலில் கைவைப்பது இந்த நுண்மயிர்களில்தான். அவற்றின் அடி தளர்கிறது, நாளடைவில் மயிர்களே உதிர்கின்றன. சளி அதிகமாகிறது, தள்ள ஆளில்லை. மிஞ்சிய ஒரே வழி இருமல். ராத்திரி முழுக்கப் புகை இல்லாததால் மிச்சமிருக்கும் நுண்மயிர்கள் கொஞ்சம் வேலை செய்து சேர்ந்த சளியை மேலே கொண்டுவருகின்றன. காலையில் அது இருமலாக வருகிறது. முதல் சிகரெட் பிடித்ததும் "தொண்டை சரியாயிடுச்சு" என்பார்கள். சரியாகவில்லை, துப்புரவு வேலை மறுபடி நின்றுவிட்டது. புகையை விட்ட முதல் சில வாரங்களில் இருமல் கூடுவதும் இதனால்தான். "விட்டதுக்கப்புறம்தான் டாக்டர் உடம்பு கெட்டது" என்று திரும்பப் பிடிக்க ஆரம்பிப்பவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைக்காதது எங்கள் தவறு.

எவ்வளவு போகிறது? முதல் நொடியில் வேகமாக ஊதித் தள்ளும் காற்றின் அளவு, புகைக்காதவருக்கும் முப்பது வயதுக்கு மேல் ஆண்டுக்கு 25, 30 மில்லி குறையத்தான் செய்யும். புகையால் எளிதில் பாதிக்கப்படுபவருக்கு 50 மில்லிக்கு மேல் போகும். லண்டனில் வேலை பார்த்த ஆண்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து பிளெட்சர், பீட்டோ என்ற ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட வரைபடம் இதைத்தான் காட்டியது. விட்டால் தொலைந்தது திரும்புவதில்லை. ஆனால் சரிவின் வேகம் புகைக்காதவர் அளவுக்கு ஏறக்குறைய இறங்கிவிடுகிறது. 45 வயதில் விட்டாலும் 60 வயதில் விட்டாலும் லாபம் உண்டு என்பதற்கு இதுவே ஆதாரம்.

திசுவின் மீள்தன்மை போய்விடும் நுரையீரல் விரிவு நோயில் (எம்ஃபைசீமா) பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று: சிரமம் காற்றை இழுப்பதில் குறைவு, வெளியேற்றுவதில் அதிகம். மூச்சு இழுக்க, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கி உழைக்கிறது. விடுவதற்கு உழைப்பு வேண்டாம். இழுபட்ட ரப்பர் போலத் திசு தானே சுருங்கிக்கொள்ளும். அந்த ரப்பர் அறுந்துபோனால் சின்னக் குழாய்கள் மூச்சை விடும்போதே மடங்கிக்கொண்டு காற்று உள்ளே சிறைப்படும். நிறைந்திருக்கும் பையில் மேலும் எப்படி ஊதுவது? ஜன்னலைத் திற, மின்விசிறியைப் போடு என்று பதறுவதோடு நிற்காமல், மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். குவித்த உதடு தரும் எதிரழுத்தம் குழாய்களை மடங்காமல் பிடித்துக்கொள்ளும்.

மூச்சை அடக்கினால் வரும் அந்தத் தவிப்பு ஆக்சிஜன் குறைந்ததால் வருவது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மூளையின் அடித்தண்டில் உள்ள உணர்விகள் முக்கியமாகக் கவனிப்பது கரியமில வாயு ஏறுவதை. ஆக்சிஜன் சத்தமில்லாமல் குறையலாம். நீருக்கடியில் அதிக நேரம் இருப்பதற்காக முன்கூட்டியே வேகவேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவைக் கழுவிவிடுபவர்கள், தவிப்பு வருவதற்கு முன்பே மயங்கி மூழ்குவது இதனால்தான்.

கார்பன் மோனாக்சைடு ஏமாற்றுவதும் கிட்டத்தட்ட இதே வழியில். மூடிய அறையில் கரி அடுப்பு, வீட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டர், கதவடைத்த கொட்டகையில் ஓடும் வண்டி ஆகியவற்றிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு. அதிலும் ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் முதலில் வெளியே ஓடுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அப்போதும் 98 காட்டும், ஏனென்றால் ஹீமோகுளோபினைப் பிடித்திருப்பது ஆக்சிஜனா இந்த வாயுவா என்று சாதாரணக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. (அந்தக் கருவியைப் பற்றி இன்னொன்று: ஜில்லிட்ட விரலிலும் நகப்பூச்சின் மேலும் அது சொல்வதை நம்ப வேண்டாம். விரலைச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் படியுங்கள்.)

தூசியில் அளவுதான் எல்லாம். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிவிடும். கண்ணில் படுவதால் நம்மைப் பயமுறுத்துவதும் அதுதான். 2.5 மைக்ரானுக்குக் குறைந்தது காற்றறை வரை போகும். விறகடுப்புப் புகையும் வண்டிப் புகையும் பெரும்பாலும் இந்த அளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

கல் அறுப்பவர்களின் சிலிக்கா தூசி தனி வகைக் கொடுமை. காற்றறைக்குள் ரோந்து வரும் விழுங்கு செல்கள் அதை விழுங்கும். செரிக்க முடியாமல் சாகும். தூசி வெளியே வரும். அடுத்த செல் விழுங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தழும்பு. வேலையை விட்ட பிறகும் இது ஓயாது, தழும்பைக் கரைக்க மருந்தும் இல்லை. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 சதவீதத்தைத் தாண்டக்கூடும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதற்குத் தடையே போட்டுவிட்டது. வேறு எங்கே அறுத்தாலும் தண்ணீர் விட்டபடி அறுக்க வேண்டும், உறிஞ்சும் குழாய் வைக்க வேண்டும், அதன் பிறகுதான் முகக்கவசம். கைக்குட்டை கட்டுவதால் மனநிம்மதிதான் கிடைக்கும். என்95 கவசம்கூடத் தாடியின் மேல் போட்டால் ஓரத்தில் கசியும்; வாயுக்களை அது தடுக்கவே தடுக்காது.

வாயு என்றதும் கழிவறை ஞாபகம் வருகிறது. பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஆசிட்டோடு சேர்த்து ஊற்றினால் குளோரின் கிளம்பும். "ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்" என்று செய்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் கேட்கவே வேண்டாம். கண் எரிந்து இருமல் வந்தால் கழுவி முடிப்போம் என்று நிற்காமல் வெளியேறுங்கள். இருமல் அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். அன்று ராத்திரி மூச்சு கனத்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்ஹேலரைப் பற்றிப் பேசாமல் முடியாது. மருந்து கேட்கவில்லை என்று வருபவர்களை ஒருமுறை எதிரிலேயே எடுத்துக்காட்டச் சொன்னால் போதும், பாதிக் காரணம் தெரிந்துவிடும். அழுத்தியபின் இழுப்பார்கள், அல்லது படக்கென்று இழுப்பார்கள்; மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். ஸ்ப்ரே வகையானால் குலுக்குங்கள், மூச்சை வெளியே விடுங்கள், உதட்டை இறுக்குங்கள், மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே நேரத்தில் அழுத்துங்கள், நான்கைந்து நொடி தொடர்ந்து இழுத்துப் பத்து நொடி அடக்குங்கள். இரண்டாவது அழுத்தத்துக்கு அரை நிமிடம் பொறுங்கள். இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் என்ற புட்டி போன்ற குழாய் இருந்தால் நேரம் பொருந்தவேண்டிய தொல்லை குறையும். பவுடர் வகைக்கு நேர் எதிர்: வேகமாக, ஆழமாக இழுத்தால்தான் பொடி உடைந்து உள்ளே போகும். ஸ்டீராய்டு உள்ளதானால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய நம்பகமான அளவு, மூச்சின் எண்ணிக்கை. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகளிடம் சரிவராது. இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இருமலோடு இவற்றை எட்டினால் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால் எண்ணவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். பெரியவருக்கு ஓய்விலேயே 30 என்றால் அதுவும் அவசரம்தான். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும், காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த. இருமலில் ரத்தம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் கிடையாது.

ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. கடும் இழுப்பில் இருந்தவரின் விசில் சத்தம் திடீரென அடங்கி, அவர் பேச முடியாமல் சோர்ந்து சாய்ந்தால், "தூங்கட்டும், சத்தம் குறைஞ்சிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம்.