கடைசி யூனிட்டின் விலை

திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. அவரும் தம்பியும் ஒரே மாடல் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார்கள். இருவரும் வீட்டில்தான் சார்ஜ் போடுகிறார்கள். இரண்டு மாதத்தில் இருவருக்குமே 2000 கிலோமீட்டர் ஓட்டம். கார் வந்த பிறகு கூடிய கரண்ட் பில்லைத் தூரத்தால் வகுத்துப் பார்த்தால், தம்பிக்குக் கிலோமீட்டருக்கு 75 பைசா, அண்ணனுக்கு 1 ரூபாய் 37 பைசா. “என் சார்ஜரில் கோளாறா, இல்லை மீட்டர் வேகமாக ஓடுகிறதா?” என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. சார்ஜர் நன்றாகவே இருக்கிறது. விஷயம் பில்லில் இருக்கிறது.

முதலில் காருக்கு எத்தனை யூனிட் என்று பார்த்துவிடுவோம். சுவரிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம், பேட்டரிக்குத் தேவை நேர்திசை. காருக்குள் இருக்கும் சார்ஜர் இதை மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். எங்கள் வீட்டில் ஒருமுறை மீட்டரில் 22 யூனிட் ஏறியிருந்தது, கார்த் திரை 19.6 என்றது. மீதி 2.4 யூனிட் வழியிலேயே சூடாகிப் போனது. பேட்டரியில் சேர்ந்த ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால், 2000 கிலோமீட்டருக்கு மீட்டரில் சுமார் 320 யூனிட் ஏறும். அண்ணனுக்கும் 320, தம்பிக்கும் 320.

அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. அது படிக்கட்டு. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

கார் வருவதற்கு முன்பே வீட்டில் ஃபிரிட்ஜும் ஃபேனும் மோட்டாரும் கீழ்ப்படிகளைப் பிடித்துவிட்டன. புதிதாக வந்த கார் காலியாக இருக்கும் மேல்படியில்தான் போய் நிற்க முடியும். தம்பி வீட்டில் இரண்டே பேர், ஏசி இல்லை, 150 யூனிட்தான் செலவு. காரோடு சேர்த்து 470. பில் 117.50 ரூபாயிலிருந்து 1616 ஆகிறது. காரின் ஒரு யூனிட் 4.68 ரூபாய்க்கு முடிந்துவிட்டது. அண்ணன் வீட்டில் ஏற்கெனவே 380 யூனிட், பில் 1081 ரூபாய். காரோடு 700 யூனிட், பில் 3825 (500-ஐத் தாண்டினால் 2.35 ரூபாய்ப் படி போய்விடும், அந்தக் கதை கீழே). அதாவது காரின் ஒரு யூனிட் 8.58 ரூபாய். ஆனால் மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் 5.46 என்றுதான் வரும். நம்மில் பலரும் செய்வது இந்தக் கணக்கைத்தான். சராசரி விலை காரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. ஏற்கெனவே 1000 யூனிட் ஓடும் ஏசி வீட்டில் இதே கார் நின்றால் யூனிட்டுக்கு முழுசாக 11.55, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 85 பைசா. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார், லிட்டர் 100 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்குச் சுமார் 6 ரூபாய் 67 பைசா கேட்கும். அந்த வகையில் மூன்று வீடுகளுக்குமே லாபம்தான்.

இந்தப் படிக்கட்டில் ஒரு படி மட்டும் வித்தியாசமானது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். 500 யூனிட் வரை பில் 1805 ரூபாய். 501 ஆனால் 2048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை 243.40 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், பழைய 2.35 ரூபாய்ச் சலுகை பறிபோய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 போட்டுவிடுகிறார்கள். 100 யூனிட் இலவசத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் ஏழு கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு யூனிட்டுக்கு இப்படி ஒரு பள்ளம் இருப்பதை பில்லில் எங்கும் சொல்வதில்லை என்பது சரியில்லை. ‘உங்கள் கடைசி யூனிட்டின் விலை இவ்வளவு’ என்று ஒரு வரி அச்சடித்தால் போதும், மக்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

“ராத்திரி சார்ஜ் போட்டால் சீப்” என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. அது வேறிடத்து உண்மை. பிரிட்டனில் 1978-லேயே இரவில் ஏழு மணி நேரத்துக்கு மலிவு மின்சாரம் கொடுத்தார்கள். இங்கே உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு மாலை 6 முதல் 10 வரை 25 விழுக்காடு கூடுதல், இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி என்ற முறை உண்டு. நம் வீட்டுச் சாதாரண மீட்டருக்கு மணி தெரியாது, எண்ண மட்டும்தான் தெரியும். சார்ஜ் ஏறும்போது மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மினுக்கும். 3.3 கிலோவாட் ஓடும்போது நொடிக்கு மூன்று மினுக்கல். பகலானாலும் இரவானாலும் ஒரு மினுக்கலுக்கு ஒரே மதிப்பு. எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று குறித்துவைக்கும் ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இது மாறும். 2023-ல் மத்திய அரசு திருத்திய விதி, வெயில் நேரத்து மின்சாரத்துக்குக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக வாங்கச் சொல்கிறது. அப்போது நமக்கு மலிவு நேரம் நண்பகலாக இருக்கும். ஆனாலும் இப்போதே மாலை உச்ச நேரத்தைத் தவிர்த்துப் பத்து மணிக்கு மேல் போடுங்கள். பில் குறையாது, தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை குறையும். ஒரு தெருவில் பத்துக் கார் வந்தால் அது தாங்குமா என்று அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்குத்தான் இப்போது பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, திருச்சி அண்ணன் என்ன செய்யலாம்? அலுவலகத்தில் சார்ஜ் போட வசதி கிடைத்தால், இரண்டு மாதத்தில் 200 யூனிட்டை அங்கே ஏற்றிக்கொள்ளட்டும். வீட்டு ரீடிங் 700-லிருந்து 500-க்கு இறங்கும், பில் 3825-லிருந்து 1805-க்கு வரும். மிச்சம் 2020 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 10.10. வெளியே இதைவிடக் குறைந்த விலைக்குச் சார்ஜ் கிடைத்தால், அந்த 200 யூனிட்டுக்கு அவருடைய சொந்த வீடுதான் விலை அதிகமான இடம்.